பீச்சாங்கைச் சாமி

எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதல் மடக்குக் கசாயம் எதிர்வீட்டு அக்காவின் தொண்டையில்தான் இறங்கும். காய்ச்சல்காரருக்கு அதற்குப் பிறகுதான். "வாயில வக்கிற பண்டமா இல்லியான்னு நான் பாக்காம எப்படிடி ஒருத்தருக்குக் குடுக்கறது?" என்பாள். குழந்தைகளுக்கு வாங்கிய பூச்சி மருந்து, பக்கத்து வீட்டுப் பெரியவரின் இருமல் மருந்து, பிள்ளை பெற்றவளுக்குக் கிளறிய லேகியம், எல்லாம் அக்கா நாக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். குதிரை வண்டிக்காரர் தன் குதிரைக்குக் கலக்கி வைத்திருந்த எதையோ ஒருநாள் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, "உப்பு பத்தல" என்று சொல்லிவிட்டுப் போனாள். வண்டிக்காரரும் பயந்துபோய் உப்பு போட்டார். குதிரைக்கு என்ன ஆனதோ தெரியாது. அக்கா அன்று சாயங்காலம் வழக்கத்தைவிட வேகமாக நடந்ததாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அக்காவின் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்பார்கள், எனக்கு அவர் சொல்தா மாமா. மீசையும் விறைப்புமாக இருப்பார், பெண்களைக் கண்டால் வானத்தைப் பார்த்துப் பேசுவார். அக்கா அவரோடு சைகோனில் பட்டாளத்து லைன் வீட்டில் குடித்தனம் நடத்தியவள். அதனால் பிரெஞ்சு தெரியும் என்பது அவளுடைய கணக்கு. நாங்கள் கிராமத்து விவசாயக் குடும்பம். என் வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை கிடைத்ததால் டவுனுக்கு வந்தவர்கள். எங்களுக்குத் தெரிந்த பிரெஞ்செல்லாம் 'போன்ழூர்', 'மெர்சி' இரண்டும்தான், அதையும் இடம் மாற்றிச் சொல்லிவிடுவோம்.

நான் ரவிக்கை தைக்கிறவள். வீட்டின் முன்னறைதான் கடை. அங்கே ஆம்பிளைகளுக்கு அனுமதி இல்லை. என் வீட்டுக்காரரே தொண்டையைச் செருமிவிட்டுத்தான் படியேறுவார், சொல்தா மாமா தெருவோடு நின்றுகொள்வார். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் மார்பளவு எடுத்துக்கொண்டிருந்த எனக்கு என் இடது மார்பிலேயே ஒரு கட்டி இருப்பது தட்டுப்பட்டது. புற்று என்றார்கள். பெரிய ஆசுபத்திரியில் அந்த மார்பை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று அக்காதான் கூட இருந்தாள். டாக்டர் பிரெஞ்சுக்காரர். நர்ஸ் வேலை பார்த்த கன்னியரை எல்லோரும் 'மசேர்' என்பார்கள். அந்த மசேரிடம் டாக்டர் கடகடவென்று என்னவோ சொல்லிக்கொண்டு போனார். நடுநடுவே 'சேங் கோஷ்', 'சேங் கோஷ்' என்று வந்தது. அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"என்னாக்கா சொல்றாரு? உள்ளதச் சொல்லு."

அக்கா என் முகத்தையே பார்த்தாள். பிறகு சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

"சேங் கோஷ்னு ஒரு அர்ச்சிஷ்டர் இருக்காராம். அவர வேண்டிக்கணுமாம். டாக்டருங்களே அவரத்தான் கும்புடுவாங்களாம்."

வேதக்காரர்களின் புனிதர்களான அர்ச்சிஷ்டர்களைப் பிரெஞ்சில் 'சேங்' என்பார்கள் என்பது எனக்கும் தெரியும். டவுனில் பாதித் தெருவின் பெயர் அப்படித்தானே ஆரம்பிக்கும். அதனால் நம்பிவிட்டேன். டாக்டர் என் பக்கம் திரும்பி, தன் கையை மேலே தூக்கிக் காட்டி, "மதாம், கை! மேல! மேல!" என்றார். அதற்கு அர்த்தத்தை மசேர் நல்ல தமிழில் சொன்னார். வலிக்கிறதென்று கையை மடக்கியே வைத்திருந்தால் தோள் பூட்டிக்கொள்ளும், பிறகு தூக்கவே வராது. தினமும் சுவரில் விரலை ஏற்றி ஏற்றிக் கையைத் தூக்க வேண்டும். கை காதைத் தொட வேண்டும். வீங்கினால் விரல் நுனியிலிருந்து தோள் பக்கமாக மெதுவாக நீவிவிட வேண்டும். சொன்ன நாளில் ஆசுபத்திரிக்கு வந்து காட்ட வேண்டும்.

நான் எதுவும் செய்யவில்லை. மெஷினைப் பழைய புடவையால் மூடினேன், கதவைச் சாத்தினேன், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். தோளுக்கு டேப்பைக் கொண்டுபோக முடியாத கை, தையல்காரிக்கு எதற்கு? கை பூட்டிக்கொண்டால் தொழில் போயிற்று என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் படுத்திருந்தேன். மற்றவர்களுக்கு அளவெடுக்கப் போய் அவர்கள் என் ரவிக்கையைப் பார்ப்பார்களே என்ற நினைப்பே போதுமாக இருந்தது, அதற்குக் கை வராமல் இருப்பதே மேல் என்றுகூடத் தோன்றியது.

நான் படுத்ததும் வைத்தியங்கள் வந்து வரிசையில் நின்றன. எல்லாம் எதிர்வீட்டு வாசலில் நின்றன. அக்காவைத் தாண்டாமல் எதுவும் என்னிடம் வர முடியாதே.

ஒரு வாடிக்கைக்காரம்மா, "புத்து நோவுக்குப் பாம்புப் புத்துல பால் ஊத்தணும், புத்துமண்ண எடுத்துப் பூசணும்" என்றார். பேர்ப்பொருத்தம் நன்றாகத்தான் இருந்தது. அக்கா மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி. இருந்தாலும் பாலை எடுத்துக்கொண்டு வீராம்பட்டினம் பக்கம் ஒரு புற்றைத் தேடிப் போனாள். பாம்பு வரவில்லையாம். ஓணான் ஒன்று வந்து பாலைப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்ததாம். அக்கா ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தாள். மடியில் மண் மட்டும் இருந்தது. அதைக் கையில் பூசிப் பார்த்து, அன்று முழுக்கச் சொறிந்துகொண்டிருந்துவிட்டு, "இது செடிக்குப் போடலாம்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

தவளக்குப்பத்திலிருந்து ஒருவர் பாட்டிலோடு வந்தார். எந்தப் புற்றையும் கரைத்துவிடுமாம். ஒரே பத்தியம், ஆசுபத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. அக்கா வழக்கம்போல முதல் மடக்கைக் குடித்தாள். அன்று அவளை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. கொல்லைப்புறத்திலிருந்து, "மாதாவே, மாதாவே" என்று குரல் மட்டும் கேட்டது. அடுத்த வாரம் அந்த ஆள் மறுபடி வந்தபோது அக்கா அதே பாட்டிலையும் ஒரு டம்ளரையும் எடுத்துக்கொண்டு வந்து தெருவில் நின்றாள்.

"மொதல்ல நீங்க ஒரு மடக்கு குடிங்க."

"எனக்கு நோவு இல்லியேம்மா."

"எனக்கு மட்டும் இருந்துச்சா?"

அந்த ஆள் தவளக்குப்பம் போகிற பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை, நடந்தே போய்விட்டதாகக் கேள்வி. ஆசுபத்திரிக்குப் போகவேண்டிய நாளில் அக்கா என்னைப் புஷ்புஷ் ரிக்‌ஷாவில் ஏற்றி, தானும் ஏறி உட்கார்ந்தாள். தள்ளுகிறவன்தான் பாவம். இப்படி ஊரில் உள்ள மருந்தையெல்லாம் அக்காவே குடித்துத் தீர்த்துவிட்டதால், என் வாய்க்கு வந்து சேர்ந்தது டாக்டர் கொடுத்ததும் அக்கா வைத்த மீன் குழம்பும்தான். அந்த மீன் குழம்பையும் அவள் பாதி தின்று பார்த்துவிட்டுத்தான் கொண்டுவருவாள்.

பிறகு ஒருநாள் சேங் கோஷ் எங்கள் வீட்டுக்கு எழுந்தருளினார்.

கண்ணாடிச் சட்டம் போட்ட படம். தாடி வைத்த வெள்ளைக்காரர். முறைத்த பார்வை. தலையைச் சுற்றி ஜிகினா வட்டம், கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாதபடி காகிதப் பூ மாலை. அக்கா அதை முன்னறைச் சுவரில் என் இடுப்பு உயரத்தில் ஆணி அடித்து மாட்டினாள்.

"தினம் காலைல இவருக்கு ஒரு பூ போடணும். பீச்சாங்கையால போடணும்."

நான் படுக்கையிலிருந்து எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். "ஐயையோ, பாவங்க்கா! சாமிக்கு யாராச்சும் பீச்சாங்கையால பூ போடுவாங்களா?"

"ஒங்க சாமிக்கு சோத்தாங்கை. வீராம்பட்டினத்து அம்மனுக்குக் கூழு. எங்க மாதாவுக்கு மெழுகுவத்தி. இவருக்கு பீச்சாங்கை. ஒவ்வொரு சாமிக்கும் ஒரு பழக்கம். சாமியார்கிட்ட கேட்டுக்கினுதான் வந்தேன். சோத்தாங்கையால போட்டா இவருக்குக் கோவம் வந்துரும். மூஞ்சப் பாத்தியில்ல?"

பார்த்தேன். கோபம் வரக்கூடிய மூஞ்சிதான். மறுநாள் காலையில், எங்கள் குலதெய்வத்திடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இடது கையால் ஒரு செம்பருத்தியை வைத்தேன். இடுப்பு உயரம்தானே, பெரிதாக வலிக்கவில்லை.

நான்கைந்து நாள் கழித்துப் பார்த்தால் சாமி ஒரு சாண் மேலே இருந்தார்.

"அக்கா, படத்த மாத்தி மாட்டுனியா?"

"நான் ஏன் மாட்டறேன்? அர்ச்சிஷ்டருங்கன்னா மோட்சத்துக்குப் போறவங்கதானடி? போயிக்கினு இருக்காரு போல."

அவர் மோட்சத்துக்குப் போன வேகத்தில் எங்கள் சுவர் ஓட்டையாகிவிட்டது. என் வீட்டுக்காரர், "செவுத்துக்கு அம்ம போட்ட மாதிரி இருக்குது" என்று முனகினார். ஆனால் ஆணியைப் பிடுங்கவில்லை. நான் ராத்திரியில் அழுவதை நிறுத்தியிருந்தது அவருக்குத் தெரியும்.

சாமி தோள் உயரத்துக்கு வந்தபோது வலியில் உயிர் போயிற்று. தழும்பு பிளந்துவிடும்போல இழுத்தது. நான் பூவைத் தரையில் போட்டுவிட்டு, "சாமியும் வேணாம், கையும் வேணாம், என்ன வுட்டுடு" என்று கத்தினேன். அக்கா அன்று வேடிக்கை எதுவும் பேசவில்லை. பக்கத்தில் குந்தி, என் வீங்கிய கையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, விரல் நுனியிலிருந்து தோள் வரைக்கும் எண்ணெய் தொட்டு நீவ ஆரம்பித்தாள். குதிரை மருந்தை நக்கிப் பார்த்த அந்த முரட்டு விரல்கள் அவ்வளவு மெதுவாகப் போகும் என்று நான் நினைத்ததில்லை.

"வலிக்குதுன்னு சொல்லு. அழு, என்னத் திட்டு. வேணாம்னு மட்டும் சொல்லாத" என்றாள்.

என்னைப் பெற்றவளுக்கும் என் மேல் அப்படி ஒரு பொறுமை இருந்ததில்லை. அக்கா வீட்டுக்குப் போன பிறகு நான் தரையில் கிடந்த பூவை எடுத்துச் சாமிக்கு வைத்தேன்.

அப்புறம் ரவிக்கை. ஒரு பக்கம் துவண்டு தொங்குகிற ரவிக்கையோடு வாசலுக்கு வரமாட்டேன் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். உனக்கு நீயே ஏதாவது தைத்துக்கொள் என்றாள் அக்கா. மெஷினைத் தொடமாட்டேன் என்றேன். சரி, நானே தைக்கிறேன் என்று கிளம்பிவிட்டாள். முதலில் ஒரு துணிப் பைக்குள் இலவம்பஞ்சு அடைத்தாள். அதைத் தான் போட்டுப் பார்க்காமல் எனக்குக் கொடுப்பாளா? தன்னுடைய இரண்டுக்கும் மேலே மூன்றாவதாக அதைச் செருகிக்கொண்டு தெருவில் நடந்தாள். பஞ்சுக்கு எடை ஏது? நாலு வீடு தாண்டுவதற்குள் அது கழுத்துக்கு ஏறி மோவாயை இடித்தது. "எடை வேணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பையில் கேழ்வரகை நிரப்பினாள். அதையும் செருகிக்கொண்டு, குடையை விரித்துப் பிடித்து, பெரிய மார்க்கெட்டுக்கே போய்விட்டாள்.

அக்காவின் தையல் எப்படி என்று சொல்ல வேண்டும். சாக்கு மூட்டையைக்கூட அதைவிட நெருக்கமாகத் தைப்பார்கள். மீன் கடை வரைக்கும் பை தாங்கியது. திரும்பும்போது பிரிந்துகொண்டது. ரவிக்கை வழியாக, புடவை மடிப்பு வழியாக, கேழ்வரகு பொலபொலவென்று கொட்டிக்கொண்டே வந்தது. அக்காவுக்குத் தெரியவில்லை. கோழிகளுக்குத் தெரிந்தது. முதலில் ஒன்று, அப்புறம் குஞ்சும் குடும்பமுமாக ஒரு கூட்டம். அக்கா திரும்பினால் கோழிகளும் திரும்பின, அக்கா நின்றால் கோழிகளும் நின்று அவள் காலடியைக் கொத்தின. தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர், "மதாம், கோழிய மேய்க்க எந்த ஊருக்குப் போறீங்க?" என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறாள்.

கோழிகள் புடைசூழ எங்கள் வீட்டுக்குள் வந்து, வெறும் பையை என் மேல் விட்டெறிந்தாள். "தையக்காரி நீ படுத்துக்கினு இருக்க. நான் தச்சா ஊர்க் கோழிதான் பொழைக்கும்!"

நான் சிரித்தேன். தழும்பு வலித்தது, வலிக்க வலிக்கச் சிரித்தேன். ஒரு கோழி மெஷின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. சிரிப்பு அடங்கி அந்தப் பையைக் கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. இதெல்லாம் ஒரு தையலா? இந்த லட்சணத்தில் ஊரெல்லாம் நடந்தாளே, என் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருப்பாளே. கோழியை விரட்டிவிட்டு மெஷின் மேல் இருந்த புடவையை உருவினேன். அன்று இரட்டைத் துணியில், உள்ளே பஞ்சும் நடுவில் கேழ்வரகுமாக, ஒரு மணிகூட வெளியே வராதபடி நானே ஒன்று தைத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அக்கா அதை வாங்கி அமுக்கிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, ஒரு கேழ்வரகைக் கடித்துப் பார்த்து, "போட்டுக்கலாம்" என்று அனுமதி கொடுத்தாள்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு கல்யாண ரவிக்கைக்கு வந்தபோது கதவைத் திறந்துவிட்டேன். பெண்ணின் தோளில் டேப்பை வைக்க இடது கை போனது. மெதுவாகத்தான் போனது, ஆனால் போனது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கூச்சத்தில் நெளிந்துகொண்டிருந்தாள். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அத்தோடு விடுவாளா அக்கா? சேங் கோஷ் கதவு நிலைக்கு மேலே போய்விட்டார். அங்கே எனக்கு எட்டவே இல்லை. கை நெற்றி உயரத்துக்கு வந்து நின்றுவிடும். இதற்கு மேல் வராது என்று நான் முடிவு கட்டி, தினமும் பூவைக் கீழே இருந்து விட்டெறிந்தேன். பாதி நாள் பூ என் தலையிலேயே விழும். இதைப் பற்றி எனக்கும் அக்காவுக்கும் தினம் ஒரு சண்டை.

கடைக்குக் கூட்டம் வர ஆரம்பித்ததும், துணி வெட்டுகிற மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்த வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் மில்லுக்குப் போயிருந்தார். அக்கா போய்ச் சொல்தா மாமாவை அனுப்பிவைத்தாள், தான் ஏதோ வேலையாகப் பின்தங்கிவிட்டாள். மாமா முதல் தடவையாக எங்கள் முன்னறைக்குள் வந்தார். வானத்தைப் பார்க்கிற வழக்கத்தில் அண்ணாந்தார். நிலைக்கு மேலே இருந்த படம் கண்ணில் பட்டது.

அடுத்த நொடி மாமாவின் குதிகால்கள் டக்கென்று சேர்ந்தன. முதுகு பலகையாக நிமிர்ந்தது. கை நெற்றிக்குப் போனது.

"மொன் அஜுதான்!" என்று வீடே அதிரக் கத்தினார்.

"மாமா, அது சேங் கோஷ் அர்ச்சிஷ்டரு" என்றேன்.

"அர்ச்சிஷ்டரா? எங்க அஜுதானும்மா இவன்! சைகோன்ல எங்களுக்கு டிரில் வுட்ட ஆளு! கோஷ், துருவாத், கோஷ், துருவாத்னு கத்தியே எங்க உசுர எடுத்தவன். எம் பெட்டில இருந்த போட்டோவ எவ்ளோ நாளாத் தேடறேன்!"

"கோஷ்னா என்னா மாமா?"

"பீச்சாங்கை பக்கம்மா. துருவாத்னா சோத்தாங்கை பக்கம்."

"அப்ப சேங்னா?"

மாமாவின் முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது. "அது... பொம்பளைங்க சமாச்சாரம். ஒங்க அக்காவையே கேளு" என்று சொல்லி, மேசையைத் தொடாமலே வெளியே ஓடினார். ஓடுவதற்கு முன்னால் படத்துக்கு இன்னொரு சலாம் வைத்தார்.

அக்கா கீரையை ஆய்ந்துகொண்டே உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "சொல்லிட்டானா அந்த மனுசன்?"

"சேங்னா என்னாக்கா?"

"அர்ச்சிஷ்டர்னும் அர்த்தம், மாருன்னும் அர்த்தம். வெள்ளக்காரனுங்க ரெண்டையும் ஒரே மாதிரிதான் சொல்வானுங்க. டாக்டரு ஒன் பீச்சாங்கை பக்கத்து மாரப் பத்திப் பேசிக்கினு இருந்தாரு."

"தெரிஞ்சேவா சொன்ன?"

"பட்டாளத்து லைன்ல இருந்தவடி நான். காலைல எழுந்தா கோஷ், துருவாத்தான். எனக்குத் தெரியாதா? அன்னிக்கு ஆசுபத்திரில நீ பாத்த பார்வைக்கு என்னாத்தச் சொல்றது? சாவுச் சீட்டக் கையில குடுத்த மாதிரி முழிச்ச. வாயில வந்தத அடிச்சி வுட்டேன்."

"இந்தாளு படம்?"

"அவன் கத்துனா நொண்டிகூட காலத் தூக்குவான். ஒங் கையத் தூக்க வேற எந்தச் சாமிகிட்ட போறது?" என்றாள். பிறகு, ரொம்ப நியாயமான ஒன்றைச் சொல்கிற குரலில், "அதுவும் சும்மாக் கொண்டாந்து மாட்டல. மொதல்ல எங்க வூட்டு சமயக்கட்டுல மாட்டி, ஒரு வாரம் நானே பீச்சாங்கையால பூ போட்டுப் பாத்தேன். கோளாறு ஒண்ணும் வரல. அப்புறந்தான் ஒனக்குக் குடுத்தேன்" என்றாள்.

எங்கள் குலதெய்வத்திடம் நான் கேட்ட மன்னிப்பெல்லாம் ஞாபகம் வந்தது. ஒரு டிரில்காரனுக்கு இத்தனை மாதம் செம்பருத்தி பறித்துப் போட்டிருக்கிறேன். வந்த கோபத்தில், "உன்ன..." என்று அவள் முதுகில் ஒன்று வைக்கக் கையை ஓங்கினேன்.

அக்கா நகரவில்லை. என்னையும் பார்க்கவில்லை. ஓங்கிய கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அது இடது கை. நெற்றியைத் தாண்டி, காதை உரசிக்கொண்டு, தலைக்கு மேலே நீளமாக நின்றது.

அக்கா கீரையைக் கீழே வைத்துவிட்டு, நிலைக்கு மேலே முறைத்துக்கொண்டிருந்த அஜுதானைப் பார்த்து, பயபக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டாள்.